பதினொன்று

மூன்றாம் முறையும் தோற்றது வண்டி.
கார்பன் மோனாக்சைடு ஒன்று புள்ளி ஒன்பது.
இருக்க வேண்டியது புள்ளி மூன்றுக்குள்.
பெட்ரோல் பங்க் ஓரம், ஆம்னி வேனுக்குள் இருந்தபடி
பவுசியா திரையை என் பக்கம் திருப்பினாள்,
கறிக்கடையில் தராசைத் திருப்பிக் காட்டுவதுபோல.
"சரி பண்ணிட்டு வாங்கக்கா. மெஷின் எங்கயும் போயிராது."

முதல் தோல்விக்குக் காற்று வடிகட்டியை மாற்றினேன்.
ஊத்துக்குளி ரோட்டுப் பஞ்சுத்தூசி
அதற்குள் மெத்தை போட்டுப் படுத்திருந்தது.
அதுதான் காரணம் என்று நம்பிவிட்டேன்.
இரண்டாவதற்கு பிளக்குகள்.
மூன்றும் அடுப்புக்கரியில் புரண்டு வந்தவை.
அப்புறம் ஆக்சிஜன் சென்சார்,
நாலாயிரத்து இருநூறு,
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் கிடந்தது.

வெளியே வரும்போது ஒருவர் ஜன்னலைத் தட்டினார்.
"ஐந்நூறு குடுங்.
போட்டோ உங்க நம்பர் பிளேட்டு,
புகை எங்க புது வண்டிது.
சீட்டு சுத்தமா வந்துருமுங்."
மரியாதையாகத்தான் சொன்னார்.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
ஏழு வருடமாகச் சாய ஆலை லேபில் இருக்கிறேன்.
சீட்டு சுத்தமாக வரும் வழிகள் எனக்கும் தெரியும்.

அர்த்தனாரியின் பட்டறை டயர் கடைக்குப் பின்னால்.
அவர் எதையும் உடனே கழற்றவில்லை.
சைலன்சர் வாயில் விரல் விட்டு மோந்து பார்த்தார்.
"குடிச்சது பாதி, துப்புனது பாதி.
லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுங்?"
"ஒம்பது."
"ஒம்பதா!" என்றபடி ஸ்கேனரைச் செருகினார்.

சித்திரை. மதியம் ஒன்றரை.
பானட்டைத் தொட்ட கை பொசுங்கியது.
திரையில் என்ஜின் வெப்பம் பதினொன்று டிகிரி.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம்.
பதினொன்று.
"வால்பாறைல மார்கழி விடியக்காலம்னு
நெனச்சுட்டு ஓடுதுங் உங்க வண்டி."

சுண்டுவிரல் அளவு பித்தளை
குளிருது, குளிருது என்று சொல்லியிருக்கிறது.
மூளைப்பெட்டி அதை நம்பி
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமென்று
பெட்ரோலை ஊற்றியிருக்கிறது.

அவருக்குத் திருப்தியில்லை.
"இப்படியிருந்தா விசிறியே சுத்தாதுங்.
எப்பவோ கொதிச்சு நின்னிருக்கோணும்."
டார்ச்சோடு படுத்துத் தேடினார்.
பழைய சொந்தக்காரருக்கு யாரோ போட்டுக் கொடுத்த
சிவப்பு ஒயர் ஒன்று.
சாவியைத் திருப்பினால் விசிறி சுற்றும்,
எந்த சென்சாரையும் கேட்காது.
பொய்யால் யாருக்கும் தொந்தரவு வராதபடி
பார்த்துக்கொண்ட ஒயர்.
நல்ல வேலைப்பாடு. டேப்கூட உரியவில்லை.

புது சென்சார் எண்ணூற்றைம்பது.
ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வீசினார்.
முப்பத்தாறு. ஐம்பத்தெட்டு.
எண்பத்தொன்றில் கொஞ்சம் தயங்கியது.
தொண்ணூற்றாறில்
விசிறி தானாக எழுந்து சுற்றியபோது
அர்த்தனாரி பீடி பற்றவைத்தார்.

பவுசியாவின் திரையில் புள்ளி ஒன்று எட்டு.
சீட்டு சூடாக வந்தது.
"போட்டோல உங்க முழங்கையும் விழுந்திருச்சுக்கா, பரவால்ல."

பழைய சென்சார் என் கோட்டுப் பையில் கிடக்கிறது.
சாயங்கால ஷிப்ட்.
வெளியேறும் குழாயில் பாட்டிலைப் பிடித்தேன்.
பதிவேட்டில் நேற்று, முந்தாநாள்,
போன மாதம், என் கையெழுத்தில்
ஒரே எண்.
மழை கொட்டிய நாளிலும் அதே.
பொங்கலுக்கு ஆலை மூடிக் கிடந்த நாளிலும் அதே.

மீட்டரின் கம்பியைக் கழுவித் துடைத்து முக்கினேன்.
கதவருகே மேனேஜர்,
"எழுதியாச்சுங்களா?"
"இன்னும் இல்லீங்.
ஏறிட்டிருக்குது.
இன்னும் நிக்கலீங்."